அம்மாவுக்கு மீல் மேக்கர் கொடுத்தால் எலும்பு தேறுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். அம்மாவுக்கு 56 வயது, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிட்டது, போன மாதம் எடுத்த டெக்சா ஸ்கேனில், அதாவது எலும்பு அடர்த்தியை அளக்கும் ஸ்கேனில், முதுகெலும்பின் டி ஸ்கோர் மைனஸ் 2.6, இளம் வயது எலும்போடு ஒப்பிட்டால் நன்றாகவே இறங்கிவிட்டது என்று அர்த்தம். டாக்டர் வாரத்துக்கு ஒன்று போடும் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், அம்மா பக்கவிளைவுக்குப் பயந்து அட்டையைப் பிரிக்கவே இல்லை. இதற்கு நடுவில் உங்கள் சித்தி, சோயா புரோட்டீன் பவுடரும் தினம் மீல் மேக்கரும் கொடுத்தாலே எலும்பு கெட்டியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். சோயா எலும்புக்கு நல்லதா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது, அந்த மாத்திரையைத் தொடாமல் சோயாவை வைத்தே ஒப்பேற்ற முடியுமா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஒப்பேற்ற முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே சோயாவைப் பற்றி நல்லதாகவும் நிறையச் சொல்லப்போகிறேன், அதை மட்டும் படித்துவிட்டு நீங்கள் போய்விடக் கூடாது. நான் டயட்டீஷியன், 18 வருடமாக இந்த வேலை, அதில் பெரும்பகுதி மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் எலும்பு முறிந்து வந்தவர்களுக்கும் சாப்பாடு சொல்லிக்கொடுப்பதிலேயே போயிருக்கிறது. மாத்திரை எழுதுவதும் நிறுத்துவதும் என் வேலை இல்லை, அம்மாவின் ரிப்போர்ட்டை நான் பார்த்ததும் இல்லை. சாப்பாட்டைப் பற்றித்தான் என்னால் உறுதியாகப் பேச முடியும்.

ஒரு வார்த்தைக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். அம்மாவுக்கு "எலும்பு தேய்மானம்" என்று எழுதிவிட்டு, மூட்டுவலியும் இருக்கிறது, சோயாவில் அது குறையுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் இரண்டு தனித்தனி நோய்களுக்கு இந்த ஒரே பெயர்தான். முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து, மாடிப்படி ஏறும்போது வலிப்பது ஒன்று. எலும்புக்குள் இருக்கும் சத்து குறைந்து, உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் வலைப்பின்னல் மெலிந்து போவது இன்னொன்று. இதுதான் ஆஸ்டியோபோரோசிஸ், எலும்புப்புரை. டெக்சா காட்டுவது இந்த இரண்டாவதைத்தான். இதில் வலியே இருக்காது, எலும்பு உடையும்வரை ஒன்றுமே தெரியாது. அதனால் சோயா சாப்பிட்டு மூட்டுவலி குறைந்தால் எலும்பு தேறிவிட்டது என்று நினைக்காதீர்கள், குறையாவிட்டால் பலனில்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

சோயாவுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? எலும்பு என்பது ஒருமுறை கட்டிவிட்டு அப்படியே விட்டுவிடும் சுவர் கிடையாது, ஒரு பக்கம் பழையதை அரித்து எடுக்கும் செல்களும் இன்னொரு பக்கம் புதிதாகக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கின்றன. அரிக்கும் கூட்டத்தை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். மாதவிடாய் நிற்கும்போது அது சட்டென்று குறைகிறது, அடுத்த ஐந்தாறு வருடத்தில் எலும்பு வேகமாக இறங்குகிறது. உங்கள் அம்மாவுக்கு இது 47 வயதிலேயே தொடங்கிவிட்டது. இப்போது சோயாவுக்கு வருவோம். அதில் ஐசோஃபிளேவோன் என்று சில பொருட்கள் உண்டு, ஜெனிஸ்டீன், டைட்ஸீன் இரண்டும் முக்கியமானவை. இவற்றின் வடிவம் ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்சம் ஒத்திருப்பதால் ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் இடங்களில் இவையும் பலவீனமாக ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் எலும்பையும் காக்குமோ என்று ஆராய்ச்சியாளர்கள் நினைத்தது நியாயமான நினைப்புதான், எலிகளில் செய்த சோதனைகளும் அதை ஆமோதித்தன.

மனிதர்களில் முதலில் கிடைத்த செய்தியும் நல்ல செய்திதான். சீனாவின் ஷாங்காயில் மாதவிடாய் நின்ற 24 ஆயிரத்துச் சொச்சம் பெண்களைச் சுமார் நாலரை வருடம் பின்தொடர்ந்தார்கள், முடிவு 2005-இல் வெளிவந்தது. அந்தக் காலத்தில் 1,770 பேருக்கு எலும்பு முறிந்தது. தினமும் 13 கிராமுக்கு மேல் சோயா புரதம் சாப்பிட்டவர்களுக்கு, 5 கிராமுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட எலும்பு முறிவு 37 சதவீதம் குறைவு. மாதவிடாய் நின்று சில வருடங்களே ஆன பெண்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாக இருந்தது. சிங்கப்பூரில் சீன வம்சாவளியினர் சுமார் 63 ஆயிரம் பேரைத் தொடர்ந்த ஆய்விலும், சோயா மிகக் குறைவாகச் சாப்பிட்ட பெண்களைவிட மற்றப் பெண்களுக்கு இடுப்பெலும்பு முறிவு குறைவாக இருந்தது. ஆண்களிடம் அந்த வித்தியாசம் இல்லை.

உங்கள் சித்தி சொன்னதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் இவை யார் என்ன சாப்பிடுகிறார், யாருக்கு எலும்பு உடைகிறது என்று கவனித்து எழுதிய ஆய்வுகள். ஷாங்காயில் நிறைய டோஃபு (சோயா பாலை உறைய வைத்துச் செய்யும் பனீர்) சாப்பிடும் பெண் வேறு எதில் எல்லாம் வித்தியாசமானவர் என்பதைக் கணக்குப் போட்டு ஓரளவு கழிக்கலாம், முழுக்கக் கழிக்க முடியாது. அதற்குத்தான் அடுத்த கட்ட சோதனை வேண்டும், பாதிப் பேருக்குச் சோயாவும் பாதிப் பேருக்கு அதே மாதிரி தெரியும் வேறொன்றும் கொடுத்துப் பார்க்கும் சோதனை. அது நடந்தது, ஏமாற்றமாகவும் முடிந்தது. நெதர்லாந்தில் 60 முதல் 75 வயதுள்ள 202 பெண்களில் ஒரு பாதிக்கு தினம் 25.6 கிராம் சோயா புரதப் பவுடர், ஐசோஃபிளேவோன் கிட்டத்தட்ட 100 மில்லிகிராமோடு. மறுபாதிக்குப் பால் புரதப் பவுடர். ஒரு வருடம் கழித்து எலும்பு அடர்த்தியில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. 2004-இல் வெளிவந்த இந்தச் சோதனைதான் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது, ஏனென்றால் சித்தி சொல்லும் பவுடர் சமாச்சாரம் அப்படியே இதுதான். அமெரிக்காவின் மியாமியில் மாதவிடாய் நின்று ஐந்து வருடத்துக்குள் இருந்த 248 பெண்களில் ஒரு பாதிக்கு இன்னும் தாராளமாக, தினம் 200 மில்லிகிராம் ஐசோஃபிளேவோன் மாத்திரையாக இரண்டு வருடம் கொடுத்தார்கள். சாதாரணச் சாப்பாட்டில் அவ்வளவு வரவே வராது. எலும்பு இழப்பு நிற்கவில்லை, போதாததற்கு உடம்பு குப்பென்று சூடாவதும் மலச்சிக்கலும் சோயா மாத்திரை எடுத்தவர்களுக்கே அதிகமாக இருந்தது. 80, 120 மில்லிகிராம் என்று மூன்று வருடம் கொடுத்துப் பார்த்த இன்னொரு அமெரிக்கச் சோதனையிலும் தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் லேசாக ஏதோ தெரிந்ததைத் தவிர சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் இதையெல்லாம் பரிசீலித்துவிட்டு, ஐசோஃபிளேவோன் எலும்பு அடர்த்தியைக் காக்கும் என்று விளம்பரப்படுத்த ஆதாரம் போதாது என்று சொல்லிவிட்டது.

எதிர்ப்பக்கச் சாட்சியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தாலியில் 2007-இல் வெளிவந்த சோதனையில், ஜெனிஸ்டீனை மட்டும் தனியாகப் பிரித்து தினம் 54 மில்லிகிராம், கால்சியம், வைட்டமின் டி-யோடு 389 பெண்களில் பாதிப் பேருக்கு இரண்டு வருடம் கொடுத்தபோது அவர்களின் எலும்பு அடர்த்தி நன்றாகவே ஏறியது. ஆனால் அது சுத்திகரித்த ஒற்றைப் பொருள், மீல் மேக்கர் குழம்பு இல்லை. அதை வைத்து எலும்பு முறிவு குறைகிறதா என்றும் யாரும் காட்டவில்லை. எனவே ஐசோஃபிளேவோன் கதை முற்றிலும் செத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் என்னிடம் வருபவர்களை அதற்காகக் காசு செலவழிக்கச் சொல்லவும் மாட்டேன்.

சரி, ஷாங்காயில் தெரிந்தது பவுடரில் ஏன் வரவில்லை? ஒரு காரணம் குடலில் இருக்கலாம். டைட்ஸீனைச் சிலருடைய குடல் பாக்டீரியாக்கள் ஈக்வால் என்ற இன்னும் வீரியமான பொருளாக மாற்றுகின்றன. கிழக்காசியாவில் பாதிப் பேருக்கு இது நடக்கிறது, மேற்கத்தியரில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு பேருக்குத்தான். இன்னொன்று காலம். ஷாங்காய்ப் பெண் சின்ன வயதிலிருந்தே, எலும்பு வளரும் பருவத்திலேயே சோயா சாப்பிட்டவர். 56 வயதில் ஒரு டப்பா வாங்கி ஆரம்பிப்பது அதற்கு ஈடாகாது. மூன்றாவது காரணம்தான் என் மனதுக்கு மிக நெருக்கமானது. அவர்கள் சோயாவை மருந்தாகச் சாப்பிடவில்லை, சாப்பாடாகச் சாப்பிட்டார்கள். தட்டில் இருந்த புரதத்தில் ஒரு பங்கு அதிலிருந்து வந்தது, டோஃபுவை உறைய வைக்கக் கால்சியம் உப்பு போட்டிருந்தால் அதோடு கால்சியமும் வந்தது. இது என் ஊகம், நிரூபிக்கப்பட்ட விஷயம் இல்லை. ஆனால் நம் வீட்டுத் தட்டுக்கு இதிலிருந்துதான் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது.

ஏனென்றால் எலும்பு என்றால் கால்சியம் என்றே எல்லோரும் நினைக்கிறோம். எலும்பின் கன அளவில் ஏறக்குறைய பாதி புரதம், அந்தப் புரதச் சட்டகத்தின் மேல்தான் கால்சியம் போய்ப் படிகிறது. புரதம் அதிகம் சாப்பிட்டால் ரத்தம் அமிலமாகி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிவிடும் என்று முன்பு ஒரு பயம் இருந்தது, நான் படித்த காலத்தில் எங்களுக்கே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு கால்சியத்துக்கு அடையாளம் போட்டுத் தொடர்ந்து பார்த்தபோது, சிறுநீரில் கூடுதலாகப் போகும் கால்சியம் பெரும்பாலும் எலும்பிலிருந்து வரவில்லை, புரதம் கூடும்போது குடலே கால்சியத்தை அதிகமாக உறிஞ்சுகிறது என்று தெரிந்தது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் வயதானவர்களை நான்கு வருடம் தொடர்ந்த ஆய்விலும் புரதம் மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்கள்தான் அதிக எலும்பை இழந்தார்கள்.

என்னிடம் வரும் அம்மாக்களிடம் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதச் சொல்வேன். சில மாதம் முன்பு மணிக்கட்டு உடைந்து வந்த ஒருவர் எழுதிக் கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது: காலையில் இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி, மதியம் சாதம், ரசம், ஒரு கரண்டி பீன்ஸ் பொரியல், கடைசியில் மோர், சாயங்காலம் டீயும் இரண்டு பிஸ்கட்டும், ராத்திரி ஒரு தோசை. குழம்பில் இருந்த பருப்பெல்லாம் பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் போய்விட்டது, இவருக்கு அடியில் மிஞ்சிய தண்ணீர்தான். கூட்டிப் பார்த்தால் 25 கிராம் புரதம் தாண்டவில்லை. 50 கிலோ எடையுள்ளவருக்கு இந்தியப் பரிந்துரைப்படியே 42 கிராம் வேண்டும், எலும்பு இறங்கிய நிலையில் 50-க்குக் கொண்டுபோகத்தான் நான் பார்ப்பேன். இப்படிப்பட்ட தட்டில் சோயா நிச்சயம் உதவும். அதில் மாய ஹார்மோன் ஏதும் இருப்பதால் இல்லை, மலிவான, நல்ல தரமான புரதம் என்பதால். அதே வேலையை முட்டையும் மீனும் பாலும் கொண்டைக்கடலையும் செய்யும். சைவ வீட்டில், அதுவும் கையில் காசு கொஞ்சமாக இருக்கும்போது, மீல் மேக்கர் பெரிய கை கொடுக்கும்.

அதை எவ்வளவு, எப்படி என்று சொல்கிறேன். பாக்கெட்டில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம் என்று போட்டிருப்பது காய்ந்த உருண்டைக்கு. வெந்நீரில் ஊறி எடை இரண்டு மூன்று மடங்காகிவிடும், ஊறிய பிறகு 100 கிராம் நிறுத்து 52 கிராம் கிடைத்துவிட்டது என்று எழுதி வருபவர்கள் பலர். வீட்டில் தராசு இருந்தால் காய்ந்ததாக 25 கிராம் நிறுத்துப் பாருங்கள், ஒரு கைப்பிடி வரும், அதில் 13 கிராம் புரதம். ஷாங்காயில் அதிகம் சாப்பிட்ட பெண்களின் கணக்கும் அங்கேதான் தொடங்கியது. ஊறியதும் நன்றாகப் பிழிந்துவிட்டு, இன்னொரு தண்ணீரில் அலசிப் பிழிந்தால் அந்தப் பச்சை வாடை போய்விடும், உங்கள் அம்மாவுக்குப் பிடிக்காது என்று எழுதியிருந்தீர்களே, பெரும்பாலும் அந்த வாடையால்தான் இருக்கும். பொடியாக உதிர்த்து வெங்காயம், சோம்பு போட்டு வதக்கிச் சப்பாத்திக்குள் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் போதும், மற்ற நாளில் சுண்டல், முட்டை, பருப்பு. சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்துவிட்டு இதை வையுங்கள், மேலே சேர்க்காதீர்கள். சோயாவை மாவில் சேர்த்து அரைப்பதாக இருந்தால் வறுத்துவிட்டுத்தான் அரைக்க வேண்டும், பச்சைச் சோயாவில் புரதம் செரிக்க விடாமல் தடுக்கும் ஒரு பொருள் உண்டு, சூட்டில்தான் அது அடங்கும். சமையலுக்குச் சோயா எண்ணெய் வாங்குவதால் இதில் எந்தப் பலனும் இல்லை, எண்ணெயில் புரதம் கிடையாது.

பாலை நிறுத்திவிட்டுச் சோயா பாலுக்கு மாறுவதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், இதில் கவனம் வேண்டும். கால்சியம் சேர்க்காத சோயா பாலில், பசும்பாலில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கால்சியம்தான் இருக்கும். வீட்டில் அரைத்து எடுப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். கால்சியம் சேர்த்தது என்று போட்ட பாக்கெட் வாங்கினால் ஊற்றும் முன் நன்றாகக் குலுக்குங்கள், சேர்த்த கால்சியம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஒருமுறை காலியான பாக்கெட்டை வெட்டிப் பார்த்தால் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியிருப்பது தெரியும். டோஃபுவில் கால்சியம் சல்ஃபேட் போட்டதா என்று லேபிளைப் பாருங்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்குத் தினம் 1,200 மில்லிகிராம் கால்சியம் என்பது இங்குள்ள பரிந்துரை, அதைச் சோயாவை மட்டும் வைத்து எட்ட முடியாது. இரண்டு டம்ளர் பால் அல்லது தயிரில் 480 வரும், 50 கிராம் கேழ்வரகில் இன்னொரு 180, முருங்கைக்கீரை, நெத்திலி என்று சேர்த்துக்கொண்டே போக வேண்டும், மிச்சத்துக்கு டாக்டர் எழுதிய கால்சியம். வைட்டமின் டி அளவு பார்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள், வெயில் கொளுத்தும் நம் ஊரிலும் அது குறைவாக இருப்பவர்கள் ஏராளம்.

பயங்களுக்கு வருகிறேன். தைராய்டு மாத்திரை எடுப்பவராக இருந்தால் சோயா அதன் உறிஞ்சலைக் குறைக்கும், அதனால் காலையில் மாத்திரை, சோயா மதியம் என்று தள்ளி வைத்தால் போதும், சோயாவையே விட வேண்டியதில்லை. சாப்பாட்டில் வரும் சோயாவால் மார்பகப் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்த நோய் வந்த 5 ஆயிரத்துச் சொச்சம் ஷாங்காய்ப் பெண்களைத் தொடர்ந்த ஆய்வில், சோயா சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பியது குறைவாகத்தான் இருந்தது. ஆனால் ஐசோஃபிளேவோன் மாத்திரை வேறு விஷயம், குடும்பத்திலோ அம்மாவுக்கோ அந்த வரலாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கடைசியாக அந்தப் பிரிக்காத அட்டை. வாரம் ஒன்று என்று நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் அலென்ட்ரோனேட் வகையாக இருக்கும். முதுகெலும்பு ஏற்கெனவே உடைந்த 2,027 பெண்களிடம் அலென்ட்ரோனேட்டை மூன்று வருடம் சோதித்தார்கள். மருந்தில்லாதவர்களில் 15 சதவீதம் பேருக்குப் புதிதாக முதுகெலும்பு உடைந்தது, மருந்து எடுத்தவர்களில் 8 சதவீதம் பேருக்குத்தான். சோயாவில் இப்படி ஒரு சோதனையை யாராலும் காட்ட முடியாது. நெஞ்செரிச்சல்தான் பயம் என்றால் பெரும்பாலும் அது எடுக்கும் முறையில் வருவது: காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு, அப்புறம் அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, காப்பி குடிக்கவும் கூடாது. கால்சியம் மாத்திரையையும் அந்த நேரத்தில் சேர்க்கக் கூடாது. தாடை எலும்பு அரித்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தால், அது அரிதாக நடப்பது உண்மை, பல் பிடுங்க வேண்டிய வேலை ஏதும் இருந்தால் முன்பே முடித்துவிட்டு ஆரம்பிக்கலாம், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். உணவுக்குழாயிலோ சிறுநீரகத்திலோ தொந்தரவு இருந்தால் மாத்திரையே மாறலாம், ஊசியாகவும் உண்டு.

உடம்புக்கு வேலையும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் எலும்பு இறங்கிய 101 பெண்களில் ஒரு பகுதியினருக்கு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் கண் முன்னால் கனமான எடை தூக்க வைத்தார்கள். எட்டு மாதத்தில் அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் ஏறியது, வீட்டில் லேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் இறங்கியது. அம்மா இதைத் தனியாக வீட்டில் முயற்சி செய்யக் கூடாது, பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்துச் சொல்லித்தர வேண்டும். அதுவரை நடையும், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியும், பாத்ரூமில் வழுக்காத மிதியடியும்.

இந்த வாரமே அந்த அட்டையையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு டாக்டரிடம் போய்விட்டு வாருங்கள், அவருக்கு எதனால் பயம் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். நேற்று அவர் என்னென்ன சாப்பிட்டார் என்பதை இங்கே அளவோடு எழுதினால், தட்டை எப்படி மாற்றலாம் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.